மாண்டோர் குரலும் மழலை வாயும்

இறந்தவர் மீண்டு வருவதில்லை என்பதை அறியாத மக்களினம் உலகில் இல்லை. இறந்தவரோடு ஒருமுறையேனும் பேசிவிட வேண்டும் என்று ஏங்காத இனமும் இல்லை. அந்த அறிவுக்கும் இந்த ஏக்கத்துக்கும் இடையே பிறந்தவையே குறி கேட்டல், சாமியாடல், மை பார்த்தல், ஆவி அழைத்தல் முதலிய வழக்குகள். இவற்றின் வரலாற்றில் ஒரு செய்தி ஆராயத்தக்கது. மாண்டோர் குரலைக் கேட்டுச் சொல்லும் பொறுப்பைப் பெரியவர்கள் பல நாடுகளிலும் பல காலங்களிலும் சிறு பிள்ளைகளின் மேல் ஏற்றியிருக்கின்றனர். கல்வியும் உலகறிவும் உடையாரை விடுத்து, மழலை மாறாத வாயை மக்கள் நாடியது ஏன்? அப்பிள்ளைகள் பின்னர் என்ன ஆயினர்?

இக்கேள்விகளை எழுப்புவதற்கு ஏற்ற இடம் மலேசியாவின் தென்கோடியில் உள்ளது. ஜொகூர் மாநிலத்துப் பொந்தியான் மாவட்டத்தில், ஜொகூர் பாருவிலிருந்து பொந்தியானுக்குச் செல்லும் வழியில் அமைந்த சிற்றூர் பெக்கான் நானாஸ். மலாய் மொழியில் 'பெக்கான்' என்பது ஊர். 'நானாஸ்' என்பது அன்னாசி. தென்னமெரிக்காவில் தோன்றிப் போர்த்துகீசியர் வழியாகக் கீழ்நாடுகளுக்கு வந்த அப்பழம், சதுப்பு மண்ணில் செழித்து, ஓர் ஊருக்கே பெயராயிற்று. சீனர், மலாய்க்காரர், தமிழர் ஆகிய மூவினத்தாரும் அங்கு அண்டை அயலாராய் வாழ்கின்றனர். சீனர் தம் ஏழாம் திங்களில் பசித்த ஆவிகளுக்குப் படைப்பர். தமிழர் ஆடி அமாவாசையில் முன்னோர்க்குப் படைப்பர். மலாய்ப் பாட்டிமார் இறந்த சிசுவின் ஆவியாகிய 'தொயோல்' பற்றிய கதைகளைச் சொல்லுவர். மாண்டோருக்கும் பிள்ளைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இம்மூவினத்தாரிடமும் தனித்தனியே மரபுகள் உண்டு. அவற்றுக்கு எழுத்து வடிவில் பழைய சான்றுகளைத் தமிழ் நூல்களும் தருகின்றன.

அறியாதார் சொல்லும் விரிச்சி

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டில் விரிச்சி கேட்டல் என்னும் வழக்கம் பேசப்படுகிறது. போருக்குச் சென்ற தலைவன் திரும்புவானோ என்று கலங்கும் இல்லத்து முதுபெண்டிர், நெல்லும் முல்லை மலரும் கொண்டு ஊர்ப்புறத்தே சென்று தொழுது நிற்கின்றனர். காதில் விழும் முதற்சொல்லை எதிர்நோக்குகின்றனர். அப்பொழுது ஓர் ஆயர் மகள், தாய்ப்பசு வாராமல் தவிக்கும் கன்றைத் தேற்றிச் சில சொற்கள் சொல்லுகிறாள். தாயர் விரைவில் வந்துவிடுவர் என்பதே அவள் கன்றுக்குச் சொன்னது. முதுபெண்டிர் அதனைத் தலைவன் வரவுக்குரிய நற்சொல்லாகக் கொண்டு மகிழ்ந்து மீளுகின்றனர்.

இவ்வழக்கத்தின் உட்பொருள் தெளிவானது. ஆயர் மகளுக்குக் கேள்வி இன்னதென்று தெரியாது. தெரியாதவள் பொய் சொல்ல இயலாது. கேட்பவர் விருப்பத்தை அறிந்தவன் அதற்கு இசையப் பேசக்கூடும். அறியாத வாயிலிருந்து வரும் சொல்லுக்கு அந்த ஐயம் இல்லை. பிள்ளைகளைச் சாட்சியாக்கும் வழக்கம் அனைத்துக்கும் அடிப்படை இந்நம்பிக்கையே எனலாம். ஆனால் இதில் ஒரு நுட்பம் மறைந்து கிடக்கிறது. சொல் அவளுடையது, பொருளோ முதுபெண்டிருடையது.

வஞ்சியில் அழுத மூன்று சிறுமியர்

மாண்டோர் பிள்ளைகளின் வாயாற் பேசிய நிகழ்ச்சியை முழுமையாகக் காட்டுவது சிலப்பதிகாரத்தின் இறுதிப் பகுதியாகிய வரந்தரு காதை. சேரன் செங்குட்டுவன் இமயத்தினின்று கல் கொணர்ந்து பத்தினிக் கோட்டம் சமைத்துவிட்டான். புகாரிலிருந்து கண்ணகியின் தோழி தேவந்தி வந்திருக்கிறாள். அவள்மேல் பாசண்டச் சாத்தன் என்னும் தெய்வம் ஏறி, மாடலன் என்னும் மறையோனை நோக்கிப் பேசுகிறது. கோட்டத்துக்கு வந்திருப்போருள் அரட்டன் செட்டியின் இரட்டைப் பெண்மக்கள் இருவரும், சேடக்குடும்பியின் இளமகள் ஒருத்தியும் உளர். மலையுச்சிச் சுனையின் நீர் மாடலன் கையிலுள்ள கரகத்தில் இருக்கிறது. அந்நீரைத் தெளித்தால் அச்சிறுமியர் முற்பிறப்பை உணர்வர் என்பது தெய்வத்தின் கூற்று.

நீர் தெளிக்கப்பட்டது. சிறுமியர் மூவரும் அரற்றத் தொடங்கினர். ஒருத்தி கண்ணகியின் தாயாய் மகளை நினைந்து புலம்பினாள். மற்றொருத்தி கோவலன் தாயாய் மகனை அழைத்து அழுதாள். மூன்றாமவள் மதுரையில் அடைக்கலம் தந்த இடைக்குல மூதாட்டி மாதரியாய்க் கதறினாள். இம்மூவரும் கண்ணகி கோவலர்க்கு நேர்ந்த துயர் பொறாது முன்பே உயிர் நீத்தவர்கள். தாயர் இருவரும் ஏக்கத்தால் மாண்டனர்; மாதரி எரியுள் புகுந்தாள். கண்ணகிபால் வைத்த அன்பினால் தாயர் இருவரும் ஒரு வயிற்றில் இரட்டையராய்ப் பிறந்தனர் என்று மாடலன் அரசனுக்கு விளக்குகிறான்.

ஈண்டு மூன்று செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, நிகழ்ச்சியின் இடம். வஞ்சிக் காண்டத்துக் காதைகளின் பெயர்கள் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்று வருகின்றன. இவை மாண்ட வீரனுக்குக் கல் நடும் பழந்தமிழ் முறையின் படிகள். கல் தேடி, கொணர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்திய பின்னரே மாண்டோர் குரல் கேட்கிறது. இறந்தவளுக்குச் செய்ய வேண்டிய கடமையைப் பெரியவர்கள் முடித்துவிட்டனர். பிள்ளைகளின் புலம்பல் அக்கடமைக்கு ஈடாக வைக்கப்படவில்லை.

இரண்டாவது, சிறுமியர் சொன்ன செய்தி. அவர்கள் புதையலைக் காட்டவில்லை, கள்வனைக் காட்டவில்லை, வருங்காலத்தைக் கூறவில்லை. உயிரோடிருந்த காலத்தில் சொல்லி முடிக்காத துயரைச் சொல்லி அழுதனர்; அவ்வளவே.

மூன்றாவது, அதன்பின் காப்பியம் காக்கும் மௌனம். அரசன் வியந்தான், தேவந்தியைப் பத்தினிக்கு நாள்தோறும் பூசை செய்ய அமர்த்தினான். அழுத சிறுமியர் மூவரையும் பற்றிப் பின்னர் ஒரு சொல்லும் இல்லை. நீர் உலர்ந்தபின் அவர்கள் தம் தாயரை அடையாளம் கண்டனரா, அன்றி வேறொரு தாயின் துயரை வாழ்நாள் முழுதும் சுமந்தனரா என்பது கூறப்படவில்லை. பெரியோர் கேட்க வேண்டியது கேட்டாயிற்று; பிள்ளைகள் கதையினின்று நீங்கினர்.

இரு காப்பியங்கள், இரு விடைகள்

சாத்தன் என்னும் அத்தெய்வத்தின் வரலாறே ஒரு குழந்தையின் சாவில்தான் தொடங்குகிறது. மாலதி என்னும் பார்ப்பனப் பெண் மாற்றாள் குழந்தைக்குப் பால் ஊட்டினாள். பால் விக்கிக் குழந்தை இறந்தது. பழிக்கு அஞ்சி, உயிரற்ற உடலைச் சுமந்து கோட்டம் கோட்டமாகச் சென்று முறையிட்டாள். இடாகினிப் பேய் அவ்வுடலையும் பறித்துத் தின்றது. அப்பொழுது பாசண்டச் சாத்தன் இரங்கி, தானே அக்குழந்தையாய் அவள் கையில் அமர்ந்தான். மாண்ட பிள்ளையின் இடத்தைத் தெய்வமே நிரப்பிய கதை இது.

இரட்டைக் காப்பியத்துள் மற்றொன்றாகிய மணிமேகலை இதற்கு நேர்மாறான விடை தருகிறது. கோதமை என்பவளின் மகன் சார்ங்கலன் சுடுகாட்டில் பேயைக் கண்டு அஞ்சி உயிர் விட்டான். தன் உயிரைக் கொண்டு மகன் உயிரைத் தருமாறு தாய் சம்பாபதித் தெய்வத்திடம் வேண்டினாள். உயிருக்கு உயிர் ஈடாகுமாயின் மன்னர்களுக்காக உயிர் கொடுப்பார் எத்தனையோ பேர் இருக்க, இச்சுடுகாட்டில் அரசர்க்கு எடுத்த கோட்டங்கள் ஏன் என்று தெய்வம் கேட்டது. தாய் அமையவில்லை. அண்டத்துத் தேவர் அனைவரையும் தெய்வம் வரவழைத்து, எவராலும் அது இயலாதென்பதை அவள் நேரிலே கேட்கச் செய்தது.

ஒன்று ஆறுதல் வழங்குகிறது. மற்றொன்று உண்மையை உரைக்கிறது. இவ்விரண்டில் எதனை நாடுவது என்னும் இழுபறி தமிழர் வாழ்வில் இன்றளவும் தீரவில்லை.

வெற்றிலையில் தெரியும் உலகம்

காப்பியத்தினின்று அன்றாட வாழ்வுக்கு வந்தால், பிள்ளையைக் கருவியாகக் கொள்ளும் வழக்குகளுள் தலையாயது மை பார்த்தல். அஞ்சனம் என்பதும் இதுவே. வெற்றிலையிலோ உள்ளங்கையிலோ கரிய மை தடவி, ஒரு சிறுவனையோ சிறுமியையோ உற்று நோக்கச் செய்வர். தலைச்சன் பிள்ளையும், கால் முன்னே பிறந்த பிள்ளையும் இதற்கு ஏற்றவர் என்பது மக்கள் நம்பிக்கை. மந்திரவாதி என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே வருவான். பிள்ளை சொல்லிக்கொண்டே வரும்.

சென்னை மாகாணத்து எல்லூரைச் சேர்ந்த ஜாபர் ஷெரீப் எழுதி, மருத்துவர் ஹெர்க்லாட்ஸ் ஆங்கிலப்படுத்தி 1832-இல் வெளிவந்த 'கானூனே இஸ்லாம்' என்னும் நூல், தென்னாட்டு முஸ்லிம்களிடையே வழங்கிய இவ்வஞ்சன முறையை விவரிக்கிறது. மையில் முதலில் பெருக்குவோன் வருகிறான், பின்னர் நீர் தெளிப்போன் வருகிறான், விரிப்பு விரிக்கப்படுகிறது, அதன்பின் ஆவியுலகத்துக் கூட்டம் வருகிறது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1836-இல், எகிப்து நாட்டு வழக்கங்களைப் பற்றி எட்வர்டு லேன் எழுதிய நூலிலும் ஏறக்குறைய இதே காட்சி காணப்படுகிறது. கெய்ரோவில் ஒரு சிறுவனின் உள்ளங்கையில் மை வார்க்கப்பட்டது. அங்கும் முதலில் பெருக்குவோன் வந்தான், பின்னர்க் கொடிகள் வந்தன, படை வந்தது, சுல்தான் வந்தான். கடல்களால் பிரிந்த இரு நாடுகளின் பிள்ளைகள் ஒரே வரிசையில் காட்சி கண்டனர் என்றால், அக்காட்சியின் வரிசையைப் பிள்ளைகளுக்கு முன்பே பெரியோர் அறிந்திருந்தனர் என்பது பெறப்படும்.

லேன் அத்தோடு நிற்கவில்லை. 1805-இல் போரில் மாண்ட ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சனை வரவழைக்கச் சொன்னார். நெல்சன் வலக்கையை இழந்தவர். சிறுவன், கருநீல உடை அணிந்த ஒருவர் தெரிகிறார் என்றும், அவருக்கு இடக்கை இல்லை என்றும் சொன்னான். கண்ணாடியில் காண்பதுபோல் இடம் வலமாக மாறித் தெரியும் என்று மந்திரவாதி விளக்கம் தந்தான். லேன் வியப்புற்றார். ஆயினும் பிற்காலத்தில் அவரே, மொழிபெயர்ப்பாளனாக இடையில் நின்றவனின் கேள்விகளில் விடையின் குறிப்பு ஒளிந்திருந்திருக்கலாம் என்று ஐயுற்றார். சிறுவன் பொய்யன் என்று அவர் கூறவில்லை. கேட்கப்பட்ட கேள்வியிலேயே விடை இருந்தது என்பதே அவர் கண்ட முடிவு. விரிச்சி கேட்ட முதுபெண்டிரின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

சீனரின் தெய்வப் பிள்ளை

பெக்கான் நானாஸ் போன்ற ஊர்களில் தமிழரின் அண்டை வீட்டாராகிய சீனரிடம் இவ்வெண்ணம் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. தெய்வம் ஏறிப் பேசுவோனை ஹொக்கியன் மொழியில் 'தாங்கீ' என்பர். இதன் முதற்பகுதி பிள்ளையையும் இரண்டாம் பகுதி குறி சொல்லுதலையும் குறிக்கும். ஐம்பது வயது ஆனவரும் தாங்கீயாக இருக்கலாம். பெயரளவில் அவர் பிள்ளையே. சிங்கப்பூர்ச் சீனரிடையே இவ்வழிபாட்டை ஆராய்ந்து 1955-இல் நூல் வெளியிட்ட ஆலன் எலியட் ஒரு நம்பிக்கையைக் குறித்துள்ளார். தாங்கீ ஆகின்றவர் இளமையிலேயே இறக்க விதிக்கப்பட்டவர். தெய்வத்துக்கு உடலைத் தருவதால் ஆயுள் நீட்டிக்கப்படுகிறது என்பது அது. பிள்ளை என்னும் பெயருக்குள் அற்பாயுள் என்னும் அச்சமும் அடங்கியிருக்கிறது.

தாங்கீ மேல் ஏறும் தெய்வங்களுள் புகழ் மிக்கது மூன்றாம் இளவரசன் எனப்படும் நாச்சா. தன் செயலால் பெற்றோர்க்கு வந்த பழியைத் தீர்க்கத் தன் உடலையே அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்து மாண்டு, தாமரையினின்று மறுபடி உருப்பெற்ற சிறுவன் அவன். மாண்டுபோன பிள்ளையே தெய்வமாகி வந்து பேசுகிறான்.

ஆயினும் சீனர் ஓர் எல்லை வகுத்துள்ளனர். தாங்கீ வாயிலாகப் பேசுவது பெரும்பாலும் தெய்வமே. இறந்த உறவினரை அழைக்கும் தொழில் வேறு. காண்டனியரிடையே அதனை 'அரிசி கேட்டல்' என்பர். அதனைச் செய்வோர் முதிர்ந்த பெண்டிர். முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி பார்த்த சங்ககாலக் கட்டுவிச்சியைத் தமிழ் கற்றோர்க்கு இது நினைவூட்டும்.

மேலைநாட்டில் ஒரு வீடு

இவையெல்லாம் கீழ்நாட்டாரின் மூடநம்பிக்கை என்று ஒதுக்க முற்படுவோர் அமெரிக்க வரலாற்றைச் சற்று நோக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்து ஹைட்ஸ்வில் என்னும் சிற்றூரில் 1848 மார்ச் 31 அன்று இரவு, பாக்ஸ் என்பவரின் இளம்பெண்கள் மார்கரெட், கேட் இருவரும் இருந்த அறையில் தட்டும் ஓசை கேட்டது. கேள்விகளுக்கு ஓசை விடை தந்தது. அவர்களின் தாய், தன் மக்களின் வயதுகளைச் சொல்லும்படி கேட்டாள். ஒவ்வொருவர்க்கும் உரிய எண்ணிக்கை ஒலித்தது. சற்றே நின்று, பிறகு மூன்று தட்டுகள் கேட்டன. மூன்று வயதில் இறந்துபோன கடைசிக் குழந்தையின் வயது அது. அந்த மூன்று தட்டுகளைக் கேட்ட தாய் வேறு சான்று தேடியிருப்பாளா?

அவ்வோசை ஓர் இயக்கமாக வளர்ந்து இரு கண்டங்களில் பரவியது. மூத்த தமக்கை லீயா தங்கையரை ஊரூராக அழைத்துச் சென்று காட்சிகள் நடத்தினாள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1888-இல், நியூயார்க் அரங்கில் மார்கரெட் மேடையேறி, அவ்வோசைகள் தங்கள் கால் விரல் மூட்டுகளைச் சொடுக்கி எழுப்பியவை என்று அறிவித்தாள். மறு ஆண்டே அதனை மறுத்தாள். அவள் சொன்னதில் எதனை நம்புவது என்று உலகம் வாதிட்டுக்கொண்டிருக்க, கேட் 1892-இலும் மார்கரெட் 1893-இலும் வறுமையில் இறந்தனர். சிறுபிள்ளை விளையாட்டாகத் தொடங்கியதைப் பெரியவர்கள் முடிக்கவிடவில்லை.

அவ்வியக்கத்தின் அலை தமிழ்நாட்டையும் தொட்டது. மறைமலையடிகள் 'மரணத்தின்பின் மனிதர் நிலை' என்னும் நூலை 1911-இல் வெளியிட்டார். சைவத் தமிழறிஞர் ஒருவர் அப்பொருளை நூலாக எழுதத் துணிந்தமையே, கற்றோரிடையேயும் அவ்வேக்கம் இருந்தமைக்குச் சான்று. தில்லியில் 1926-இல் பிறந்த சாந்தி தேவி என்னும் சிறுமி, தான் மதுராவில் இறந்த ஒருத்தி என்று கூறியதை ஆராய 1935-இல் ஒரு குழுவே அமைந்தது. மனநல மருத்துவர் அயன் ஸ்டீவன்சன் 1966-இல் வெளியிட்ட 20 வரலாறுகளுள் இந்தியாவும் இலங்கையும் இடம்பெற்றன. வஞ்சியில் மாடலன் அரசனுக்குச் சொன்ன விளக்கம், இருபதாம் நூற்றாண்டில் ஆய்வுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. அவ்வாய்வு இன்னும் எல்லோரும் ஒப்பும் முடிவைத் தரவில்லை.

நாள் தெரியாத சாவுகள்

மலாயாவுக்கு வந்த தமிழர், மாரியம்மனையும் முனியாண்டியையும் மதுரை வீரனையும் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது போலவே, வீட்டுத் தெய்வ வழிபாட்டையும் கொண்டுவந்தனர். மணமாகாமல் இறந்த பெண் கன்னியாகி வீட்டைக் காப்பாள். சுமங்கலியாய் இறந்தவள் பூவாடைக்காரியாகி, திருமணத்துக்கு முன் அழைக்கப்படுவாள். கோடாங்கி உடுக்கை அடித்துக் குறி பார்க்கையில் வீட்டில் ஒருவர் மேல் இறந்தவர் வந்து பேசுவதும் உண்டு.

இரண்டாம் உலகப் போர் இம்மரபைக் கடுஞ்சோதனைக்கு உள்ளாக்கியது. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942-43-இல் அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் தமிழர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் ஆயிரமாயிரம் பேர் காட்டிலே மடிந்தனர். நேச நாட்டுப் போர்வீரர்க்குப் பெயர் பொறித்த கல்லறைகள் அமைந்தன. தோட்டத் தமிழனுக்குக் குழியே கல்லறையாயிற்று. உடல் வரவில்லை, இறந்த நாள் தெரியவில்லை, இறந்தானா என்பதே சிலர்க்குத் தெரியவில்லை. தாலியைக் கழற்றுவதா, காத்திருப்பதா என்று அறியாத ஒரு பெண்ணுக்கு, உன் கணவர் பேசுகிறார் என்று ஒரு பிள்ளை சொன்னால், அச்சொல்லின் எடை எத்தகையது! அவ்வெடையைத் தாங்கும் வலிமை எப்பிள்ளைக்கு உண்டு?

தமிழ் மரபு இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. இறந்த நாள் தெரியாதவர்க்கு அமாவாசையே நாள். பெயர் சொல்லி எள்ளும் நீரும் இறைத்தால் போதும், விடை எதிர்பார்க்கப்படுவதில்லை. கன்னிக்குப் பெட்டியில் புத்தாடை வைத்துப் படைக்கும் வீட்டிலும், அவ்வாடையைக் கண்டு அவளை நினைப்பவர் பெற்றோரே. இவ்வழிபாடுகளில் பேசுபவர் உயிரோடிருப்பவர், கேட்பவரே மாண்டவர். பிள்ளையை நடுவே நிறுத்தும் முறையில்தான் இது தலைகீழாகிறது.

சயாம் இருப்புப்பாதையில் மாண்ட தமிழர்க்கு, தாய்லாந்துக் காஞ்சனபுரியில் 2023-ஆம் ஆண்டு ஒரு நடுகல் நாட்டப்பட்டது. பாதை முடிந்து 80 ஆண்டுகள் கழிந்திருந்தன. வஞ்சியில் செங்குட்டுவன் செய்த வரிசை இதுவே; முதலில் கல், பின்னரே குரல். கல் நடப்படாத காலமெல்லாம் மாண்டோர் பேசிக்கொண்டிருக்கின்றனர் என்று மக்கள் எண்ணுவது இயல்பு. அக்குரலைக் கேட்டுச் சொல்லத் தகுந்த வாயாக ஒரு குழந்தையைத் தேடுவதும் இயல்பே. ஆனால் மாண்டோர்க்குரிய கடனைப் பெரியவர்கள் தம் கையாலும் தம் வாயாலும் செலுத்திவிட்ட வீட்டில், கன்றைத் தேற்றிய ஆயர் மகளின் சொல் கன்றுக்குச் சொன்ன சொல்லாகவே நின்றுவிடும். அங்கே பிள்ளை பிள்ளையாகவே இருக்கும்.